கரண்டைக்கால் மூன்று தடவை பிரண்டாச்சு, கட்டணத்துக்கும் காசில்லை: சிலம்பத்தை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு வயது 20. சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம். பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து சிலம்பம். நாலு மாதத்துக்கு முன்னால் சுவடு (காலடி வைப்பு) மாறும்போது இடது பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிக்கரண்டை வீங்கிவிட்டது. வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி விட்டார். பத்து நாள் கழித்துக் களத்துக்குப் போனேன். அதன்பின் இரண்டு தடவை அதே கால் பிரண்டுவிட்டது. இப்போது வலது மணிக்கட்டிலும் சுண்டுவிரல் பக்கம் வலி, இரட்டைக் கம்பு சுற்றினால் கூடுகிறது. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. சனி, ஞாயிறு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். மாதக் கட்டணம் 500 ரூபாய் இரண்டு மாதமாகப் பாக்கி. வெளியூரில் ஒரு 'தேசிய' போட்டிக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள், சான்றிதழ் வேலைக்கு உதவுமாம். வலியோடு ஆடினால்தான் உடம்பு இறுகும் என்கிறார் ஆசான். வீட்டில் விட்டுத் தொலை என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் இப்போது ஆடுகிற மாதிரி ஆடவும் வேண்டாம். அந்த 3,500 ரூபாயை இந்தப் பதிலை முழுக்கப் படிக்கும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முதலில் கால். உங்கள் கடிதத்தில் உள்ள கோளாறு 'பத்து நாள்' என்ற சொல்லில் இருக்கிறது. கரண்டைக்கு வெளிப்பக்கம் எலும்பையும் எலும்பையும் பிடித்துக்கொண்டிருக்கும் தசைநார், பாதம் உள்ளே மடங்கும்போது இழுபட்டுக் கிழிகிறது. வீக்கம் வடிவதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும். நார் பழைய பலத்துக்கு வர 6 முதல் 12 வாரம் ஆகும், முழுவதும் சீராக அதற்கு மேலும் மாதங்கள் பிடிக்கும். வீக்கம் வடிந்ததைக் குணமானதாக எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினால் மறுபடி பிரள வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றும் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நாருக்குள்தான் இருக்கின்றன. அவை கெட்டால் பாதம் மடங்கத் தொடங்கிய செய்தி தாமதமாகப் போகும். அதைத் தடுக்க வேண்டிய வெளிப்பக்கக் கெண்டைத் தசையும் தாமதமாகத்தான் விழிக்கும். சுவடு மாறும்போது குதிகால் தூக்கியிருக்க, முன்பாதத்தில் முழு எடையும் இருக்க, உடம்பு திரும்புகிறது. கரண்டை மிகவும் தளர்ந்திருக்கும் நிலை அதுதான். வெறுங்கால், மேடுபள்ளமான தரை, விடியல் இருட்டு மூன்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஓய்வு இதைச் சரிசெய்யாது. சமநிலைப் பயிற்சிதான் செய்யும்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு சோதனை. கரண்டையின் இரு பக்க எலும்பு முட்டுகளிலும் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவாகப் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். இந்த இடங்களில் எலும்பிலேயே வலித்தாலோ, நாலு எட்டு வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுக்காமல் எதுவும் செய்யக்கூடாது. மூன்று தடவை பிரண்ட கால், இதுவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதால், வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டிவிடுங்கள். வெளியே எம்.ஆர்.ஐ. எடுக்க இப்போதே ஓட வேண்டாம். அதில் என்ன தெரிந்தாலும் முதல் ஆறு வாரம் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதேதான்.

பிறகு இரண்டு காலையும் ஒப்பிட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையில் இருக்க, முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அளவுக்குப் பெருவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடிகிறது என்று ஸ்கேலால் அளவெடுங்கள். இடது கால் 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் மூட்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், எத்தனை முடிகிறது? சுவர் ஓரமாக நின்று கண்ணை மூடி ஒற்றைக் காலில் எத்தனை விநாடி? வலது காலின் எண்தான் உங்கள் இலக்கு. நாளைக் கணக்குப் பண்ணிக் களத்துக்குத் திரும்பாதீர்கள், இந்த எண்களைப் பார்த்துத் திரும்புங்கள்.

முதல் இரண்டு வாரம் சுவரைத் தொடும் அசைவையே பயிற்சியாக 3 சுற்று, சுற்றுக்கு 15. இரண்டு காலிலும் குதிகால் தூக்கல் 3 சுற்று 15. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை முன்பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுங்கள், திரும்பி வரும்போது மெதுவாக விடுங்கள். இதுவும் 3 சுற்று 15. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் 30 விநாடி, ஐந்து தடவை. இதைத் தினமும் செய்யலாம், செலவு கிடையாது.

மூன்றாம் நான்காம் வாரம் குதிகால் தூக்கலை ஒற்றைக் காலுக்கு மாற்றுங்கள், படி விளிம்பில் நின்று 3 சுற்று 12. இந்தக் கட்டத்தில் கம்பைக் கையில் எடுக்கலாம், ஆனால் இடது கையில். இடது காலில் நின்றுகொண்டு இடது கையால் மெதுவாக ஒரு நிமிடம் சுற்றுங்கள். தலைக்கு மேலே கம்பு சுழலும்போது உடம்பின் எடை ஒவ்வொரு கணமும் நகரும், கரண்டை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும். இதைவிட நல்ல சமநிலைப் பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வலது மணிக்கட்டுக்கும் ஓய்வாயிற்று, இரட்டைக் கம்பில் பின்தங்கும் இடது கையும் தேறும்.

ஐந்தாம் ஆறாம் வாரம் ஒற்றைக் காலில் முன், பின், பக்கவாட்டில் சிறு தாவல்கள், ஒவ்வொன்றும் 10, மூன்று சுற்று. பிறகுதான் சுவடு. கம்பில்லாமல், சமதரையில், பாதி வேகத்தில். அதன்பின் கம்போடு பாதி வேகம். அதன்பின் முழு வேகம். எதிராளியோடு மோதும் தொடுமுறை கடைசி, ஏனென்றால் அங்கே உங்கள் சுவட்டை அவன் தீர்மானிக்கிறான். ஒவ்வொரு படியிலும் வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்து, வீக்கம் கூடாமல் இருந்தால் அடுத்த படி. மறுநாள் நொண்டினால் ஒரு படி கீழே. சோதனை எண்கள் வலது காலின் பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டால் போட்டிக்குத் தயார். ஆறு வாரம் என்பது குறைந்தபட்சம், உங்களுக்கு எட்டு ஆனாலும் ஆகலாம்.

கடையில் விற்கும் மீள்தன்மை உள்ள துணிக் கரண்டை உறை சூடாக இருக்கும், பாதம் மடங்குவதைத் தடுக்காது. வாங்குவதானால் கயிறு கட்டி இறுக்கும் வகை ஒன்று வாங்கி, ஒரு வருடமாவது களத்தில் போடுங்கள். ஒட்டும் டேப்பும் நல்லதுதான். வியர்வையில் அரைமணி நேரத்தில் தளர்ந்துவிடும், தினமும் வாங்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

உருவி விடுவதைப் பற்றி. பிரண்ட முதல் இரண்டு மூன்று நாள் உருவினால் உள்ளே கசிவு கூடும். அப்போது வேண்டியது துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், இறுக்கமான கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. இழுத்து நெட்டி எடுப்பது எந்த நாளிலும் வேண்டாம். நம் ஊரில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும் வர்ம வைத்தியமும் சேர்ந்தே வளர்ந்தவை, அதை மறுக்கவில்லை. தைலமும் தொக்கணமும் (சித்த வைத்தியத்தில் உருவி விடும் முறை) வேண்டுமென்றால் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று தெரிந்தபின் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது மணிக்கட்டு. முதல் கேள்வி: கால் பிரண்ட அன்று விழுந்து கையை ஊன்றினீர்களா? கடிதத்தில் அது இல்லை. கட்டைவிரலை விரித்து உயர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அதை அழுத்தி வலித்தால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அந்தச் சிற்றெலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டிவரும். அதற்கு ரத்தம் நுனிப் பக்கமிருந்து உள்நோக்கி வருவதால், கவனிக்காத முறிவு கூடாமலே நின்றுவிடும். சிலம்பக்காரனுக்கு அதைவிட மோசமான காயம் குறைவு.

அது இல்லையென்றால், நாற்காலிக் கையில் உள்ளங்கையை ஊன்றி எழும்போதும் குழாயைத் திருகும்போதும் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு மெத்தையோ, அதன்மேல் ஓடும் தசைநாணோ உரசிப் புண்ணாகியிருக்கும். காரணம் அநேகமாகக் கம்பும் பிடியும்தான். கம்பை முஷ்டியாக இறுக்கினால் முன்கையின் இரு பக்கத் தசையும் சேர்ந்து விறைக்கும். மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். கம்பின் முனைப் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் கையைச் சுண்டுவிரல் பக்கம் ஒடிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பைத் தாங்க, கடைசி இரண்டு விரல் தளர்ந்து திறந்து மூட வேண்டும். சுற்று தோளிலும் முன்கையிலும் பிறக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததல்ல, களைத்த கை மறந்துவிடுகிறது.

கம்பைப் பாருங்கள். புருவ உயரம் வழக்கமான அளவு. ஒரே பருமனுள்ள கம்பில் நீளம் கூடினால் எடை மட்டும் கூடுவதில்லை, சுழற்சிக்கு அது காட்டும் எதிர்ப்பு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. ஐந்தரை அடிக் கம்பை விட்டு நாலடிக் கம்பை எடுத்தால் அந்த எதிர்ப்பு ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே வலது கையில் மறுபடி கம்பு எடுக்கும்போது முதல் நாலு வாரம் நாலடிப் பிரம்பு மட்டும். இரட்டைக் கம்பு வேண்டாம், திடீரென்று திசை திருப்பும் சுற்றும் வேண்டாம். பச்சை மூங்கில் ஈரத்தோடு கனக்கும், நன்றாகக் காய்ந்ததாக எடுங்கள். அடிப்பக்கம் தடித்த கம்பில் நடுவைக் கண்ணால் பார்த்துப் பிடிக்காதீர்கள், விரல்மேல் வைத்துச் சமன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பிடியுங்கள்.

மணிக்கட்டுப் பயிற்சி இரண்டு போதும். கையின் சுண்டுவிரல் விளிம்பை மேசைக் காலில் வைத்து, அசைக்காமல் 30 விநாடி தள்ளுங்கள், ஐந்து தடவை. வலி தணிந்ததும் சுத்தியலைப் பிடித்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, உள்ளங்கை மேலே, கீழே என்று மெதுவாகத் திருப்புங்கள், 10 வீதம் மூன்று சுற்று. தலைப் பக்கம் பிடித்தால் எளிது, வாரம் ஒருமுறை பிடியைக் கீழே இறக்கினால் பாரம் தானாகக் கூடும். ஜவுளிக்கடையில் துணிக்கட்டை உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்காதீர்கள். கையை அடியில் கொடுத்து, முன்கையில் தாங்கித் தூக்குங்கள். சனி, ஞாயிறு பத்து மணி நேரம் அங்கே கெடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கம்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆசான் சொல்வதில் பாதி சரி. தசை வேலை செய்து வலிப்பதும், மூட்டு வலிப்பதும் வேறுவேறு. அவரிடம் மருத்துவம் பேசாதீர்கள். "ஆசானே, ஆறு வாரம் இடது கையும் சலாம் வரிசையும் மட்டும் பண்றேன், சின்னப் பிள்ளைகளுக்கு அடிச்சுவடு சொல்லிக்கொடுக்கிறேன், கட்டணத்தை அதில் கழிச்சுக்கோங்க" என்று நேரே கேளுங்கள். எட்டு வருடம் படித்த பையன் உதவிக்கு நிற்பதை வேண்டாம் என்னும் ஆசான்கள் குறைவு. பாக்கி 1,000 ரூபாயைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். பணம் கொடுக்க முடியாத வெட்கத்தில் சொல்லாமல் நின்றுபோன பிள்ளைகளைத்தான் ஆசான்கள் அக்கறையில்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டோ, மாத்திரை போட்டுக்கொண்டோ, ஊசி போட்டுக்கொண்டோ ஆடுவது மட்டும் வேண்டாம். வலி தெரியாத கால் மடங்குவது உங்களுக்கும் தெரியாது.

இனி அந்த 3,500. சிலம்பத்தைத் தமிழக அரசு வேலைவாய்ப்புக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சேர்த்தது உண்மை. அதைக் காட்டித்தான் இப்போது ஆளாளுக்குச் சங்கம் வைத்து 'தேசிய', 'சர்வதேச', 'உலக சாதனை' என்று சான்றிதழ் அச்சடிக்கிறார்கள். எல்லாச் சான்றிதழும் அந்த ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்திய, உரிய நிலைப் போட்டியா என்பதுதான் கேள்வி. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டு அரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. போட்டி அழைப்பிதழை எடுத்துக்கொண்டு போய், "இந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லுமா" என்று கேளுங்கள். போட்டி நடத்துபவரிடமும் அங்கீகாரக் கடிதத்தின் நகல் கேளுங்கள். தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. நுழைவுக் கட்டணம் போக ரயில், தங்கல், சாப்பாடு, பனியன் என்று அது 6,000 ரூபாயில் போய் நிற்கும். இந்தக் காலோடு முதல் சுற்றில் வெளியே வருவீர்கள்.

நீங்கள் குறிவைக்க வேண்டியது தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டி. கல்லூரிப் பிரிவில் சிலம்பம் இருக்கிறது. மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டி, அங்கே தனிநபர் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய், அடுத்து 75,000, அதற்கடுத்து 50,000. கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் இப்போதே பெயரைச் சொல்லி வையுங்கள். கல்லூரி சார்பில் போகும் போட்டிகளுக்கு என்ன செலவு தருவார்கள் என்றும் கேளுங்கள். நல்ல நிலைக்கு வந்தபின் உண்மையான போட்டிக்குச் செலவு இடித்தால், விளையாட்டு வீரர்களுக்கு உதவ அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம்.

வரவேண்டிய பணம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. அதே அட்டைக்கு முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் சிகிச்சையும் உண்டு, உங்களுக்கு அது பக்கம்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள். அறுவை என்று வந்தால் அலைய நேரமிருக்காது.

சாப்பாட்டுக்குப் புரோட்டீன் மாவு டப்பா வேண்டாம். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 75 முதல் 95 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 அல்லது 8. வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் ஆக்கினால் நன்றாகவே சாப்பிடுங்கள். மீதியை மீனும் பயறும் பார்த்துக்கொள்ளும். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் நார் கூடுவது தாமதப்படும். கடை முடிந்து இரவு 11 மணிக்கு வந்து விடியல் 4.30-க்குக் களத்துக்குப் போகும் வழக்கம் இருந்தால், ஞாயிறு விட்டுத் திங்கள் காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள்.

ஆறு வாரம் கழித்தும் ஒற்றைக் குதிகால் தூக்கலில் இடது கால் வலதின் பாதியைத் தாண்டவில்லை, அல்லது சமதரையில் நடக்கும்போதே கரண்டை நழுவுகிறது, மூட்டு பூட்டிக்கொள்கிறது, மணிக்கட்டில் வலியோடு 'டக்' என்று சத்தம் கேட்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் நோட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு எலும்புப் பிரிவுக்கு மறுபடி போங்கள். எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்ற பேச்சு அப்போதுதான். உங்கள் எண்களை வாரவாரியாகத் தேதி போட்டு எழுதியிருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.